பாஸ்வேர்டு மாற்றியாச்சு, ஓடிபியும் போட்டாச்சு. பிறகும் மெயிலைப் படிக்கிறார்கள், எப்படி?

நொய்யல்காரன் | பதிவு 1

திருப்பூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ். கணக்கு, ஷிப்பிங், மெர்ச்சண்டைசிங் எல்லாம் சேர்த்துப் பதினாலு பேர். நான் கணினி படித்தவன் இல்லை. பிரிண்டர் நின்றால் கூப்பிடுகிற ஆள் நான்தான் என்பதால் மெயில் அட்மின் வேலையும் என் தலையில் விழுந்தது. மெயில் மைக்ரோசாஃப்ட் 365.

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் மெர்ச்சண்டைசர் (பையர்களோடு ஆர்டர் விஷயம் பேசுகிறவர்) பெண்ணுக்கு ஒரு மெயில் வந்தது. பல வருடம் பழகிய பையரின் மெயில் ஐடியிலிருந்தேதான். திருத்திய டெக் பேக் (உடையின் அளவு, தையல் விவர ஃபைல்) இருக்கிறது, பார்க்கவும் என்று ஒரு லிங்க். அழுத்தினார். மைக்ரோசாஃப்ட் பக்கம் திறந்தது. பிரவுசர் ஹிஸ்டரியில் நானே பார்த்தேன்: லாகின் டாட் மைக்ரோசாஃப்ட்ஆன்லைன் டாட் காம். ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஏற்கெனவே லாகின் ஆகியிருந்ததால் பாஸ்வேர்டும் கேட்கவில்லை. ஒரு பெட்டி வந்தது, 'அக்செப்ட்' கொடுத்தார், ஏதோ ஒரு பிடிஎஃப் திறந்தது, அதில் உருப்படியாக ஒன்றுமில்லை. அதோடு மறந்துவிட்டார்.

நாலு நாள் கழித்து, அவர் அனுப்பாத மெயில்கள் அவர் பெயரில் போயிருப்பது தெரிந்தது. உடனே பாஸ்வேர்டை மாற்றினோம். ஓடிபிக்கு ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டோம். லேப்டாப்பை ஃபார்மட்டே அடித்துவிட்டேன். தலைவலி விட்டது என்று இருந்தோம்.

போன திங்கட்கிழமை ஜெர்மனி பையரின் அக்கவுன்ட்ஸ் அம்மா வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "ஏன் பேங்க் மாற்றிவிட்டீர்கள்?" அவர் அனுப்பிய இன்வாய்ஸைத் திறந்து பார்த்தேன். எங்கள் லோகோ, எங்கள் நம்பர் வரிசை, ஸ்டைல் நம்பர்கூடச் சரி. அடியில் இருக்கிற பேங்க் விவரம் நாலு வரி மட்டும் எங்களுடையது இல்லை. அந்த இன்வாய்ஸ் நாங்கள் பாஸ்வேர்டு மாற்றி எட்டு நாள் கழித்துப் போட்டது!

பணம் போகவில்லை, குலதெய்வம் காப்பாற்றியது. ஆனால் புதுப் பாஸ்வேர்டு, புது ஓடிபி, துடைத்த லேப்டாப். எந்த ஓட்டை வழியாகப் பார்த்தான்?

சும்மா_ஒருத்தன் | பதிவு 2

அந்தப் பொண்ணு ஓடிபியை யாரிடமோ சொல்லியிருக்கும். வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கிறது. எங்கள் ஆபீசிலும் இதே கதைதான். முதலில் அவரை உட்கார வைத்து விசாரியுங்கள்.

பழைய_அட்மின் | பதிவு 3

சும்மா, கொஞ்சம் பொறுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. நொய்யல் அண்ணா சொன்னதிலேயே பதில் இருக்கிறது: "ஒரு பெட்டி வந்தது, அக்செப்ட் கொடுத்தார்."

அண்ணா, எதையும் அழிக்காதீர்கள். என்ட்ரா (மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளை நிர்வகிக்கும் இடம்) அட்மின் பக்கத்துக்குப் போய் 'என்டர்பிரைஸ் அப்ளிகேஷன்ஸ்' திறந்து, அந்தத் தேதியை ஒட்டிப் புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 'பர்மிஷன்ஸ்' பகுதியில் 'யூசர் கன்சென்ட்' என்ற தாவலில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். ஆடிட் லாகில் 'கன்சென்ட் டு அப்ளிகேஷன்' என்று தேடினால் யார், எத்தனை மணிக்கு அழுத்தினார்கள் என்பதும் கிடைக்கும்.

நொய்யல்காரன் | பதிவு 4

இருக்கிறது! டாக்குமென்ட் வியூவர் என்கிற மாதிரி ஒரு பெயர். அன்று காலை 11.42க்குச் சேர்ந்திருக்கிறது. பர்மிஷன் பட்டியல் இது:

மெயில் டாட் ரீட்ரைட்
மெயில் டாட் சென்ட்
மெயில்பாக்ஸ்செட்டிங்ஸ் டாட் ரீட்ரைட்
கான்டாக்ட்ஸ் டாட் ரீட்
ஆஃப்லைன் ஆக்சஸ்

பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் வேறு இருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பிடிஎஃப் பார்க்க இவ்வளவா?

பழைய_அட்மின் | பதிவு 5

கிடைத்துவிட்டது. ஃபிஷிங் என்றால் ஏமாற்று மெயிலால் தூண்டில் போடுவது. இதற்குப் பெயர் ஓஆத் ஃபிஷிங். மைக்ரோசாஃப்ட்காரர்கள் கன்சென்ட் ஃபிஷிங் என்பார்கள்.

நம்மூர் வழக்கில் சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சாவியை ஒருவன் திருடினால் பூட்டை மாற்றலாம். ஆனால் நீங்களே ரிஜிஸ்டர் ஆபீசில் உட்கார்ந்து அவன் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால்? பூட்டை எத்தனை தடவை மாற்றினாலும் பவர் அப்படியேதான் இருக்கும். அதை ரத்து செய்கிற வரைக்கும் அவன் கையெழுத்து செல்லும். அந்த மெயில் உங்கள் மெர்ச்சண்டைசரிடம் பாஸ்வேர்டைக் கேட்கவில்லை. பவர் எழுதி வாங்கிக்கொண்டது. அதுவும் போலி ஆபீசில் இல்லை, அசல் ரிஜிஸ்டர் ஆபீசிலேயே. அதனால்தான் முகவரியில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

ஓஆத் என்பது கெட்ட விஷயம் இல்லை. ஒரு ஆப்புக்கு நம் பாஸ்வேர்டைத் தராமலே நம் காலண்டரையோ மெயிலையோ காட்ட வந்த வழி. 2012இல் வந்த ஓஆத் 2.0தான் இப்போது எல்லா இடத்திலும். உள்ளே நடப்பது இவ்வளவுதான்: ஆப் நம்மை மைக்ரோசாஃப்ட்டிடமோ கூகுளிடமோ அனுப்புகிறது. அவர்கள் "இவர் இன்னின்னதைக் கேட்கிறார், தரலாமா?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். நாம் சரி என்றால் அந்த ஆப் கையில் ஒரு டோக்கன். அந்த டோக்கனைக் காட்டினால் கதவு திறக்கும். காட்டுவது யார் என்று யாரும் கேட்பதில்லை.

கீழடி_கீக் | பதிவு 6

அண்ணன் சொன்னதோடு அந்தப் பட்டியலையும் பிரித்துச் சொல்கிறேன். ஐந்து வரியும் ஐந்து வேலைக்கு.

மெயில் டாட் ரீட்ரைட்: பழைய மெயில் உட்பட எல்லாவற்றையும் படிக்கலாம், அழிக்கலாம். உங்கள் இன்வாய்ஸ் வடிவம், நம்பர் வரிசை, எந்த பையர் எப்போது பணம் போடுவார் எல்லாம் இங்கிருந்துதான் போயிருக்கும். மெயில் டாட் சென்ட்: அவர் பெயரில் அனுப்பலாம். கான்டாக்ட்ஸ்: அடுத்த ஆளைப் பிடிக்க. உங்களுக்கு மெயில் அனுப்பிய பையரும் இப்படி மாட்டியவராகத்தான் இருப்பார், அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மெயில்பாக்ஸ்செட்டிங்ஸ்: இது இருந்தால் ரூல் போடலாம். குறிப்பிட்ட ஆளிடமிருந்து வரும் பதில் இன்பாக்ஸில் நிற்காமல் வேறு ஃபோல்டருக்குப் போகும்படி. இதைத் தனியாகத் தேடிப் பாருங்கள், மறக்க வேண்டாம்.

ஆஃப்லைன் ஆக்சஸ்: பார்க்க அப்பாவியாக இருக்கும். அனுமதிப் பெட்டியில் "நீங்கள் கொடுத்த தகவலுக்கான அணுகலைத் தொடர்ந்து வைத்திருக்க" என்கிற பொருளில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். ஆனால் ஆணிவேரே இதுதான். ஆக்சஸ் டோக்கன் மைக்ரோசாஃப்ட்டில் 60 முதல் 90 நிமிடத்தில் காலாவதியாகிவிடும். ஆஃப்லைன் ஆக்சஸ் இருந்தால் கூடவே ரிஃப்ரெஷ் டோக்கன் ஒன்றும் கிடைக்கும். அதற்கு 90 நாள் ஆயுள், பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் புதியது ஒன்று கைக்கு வரும். வட்டிக்கு வட்டி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

பாஸ்வேர்டு மாற்றியும் ஏன் நிற்கவில்லை? ஆப்பின் சர்வர் தனக்கென ரகசியச் சாவி வைத்துக்கொண்டு வாங்கிய டோக்கன், பயனர் தானே பாஸ்வேர்டு மாற்றுவதால் சாகாது. மைக்ரோசாஃப்ட்டின் ஏற்பாடே அப்படித்தான். ஓடிபி ஏன் தடுக்கவில்லை? உள்ளே நுழையும்போது கேட்பதுதான் ஓடிபி. இங்கே நுழைந்தது நீங்கள்.

ஆடிட்டர்_வீட்டு_மருமகள் | பதிவு 7

அப்போ நான் தினமும் "கூகுளில் உள்நுழைக" என்று அழுத்துகிறேனே, அதுவும் இதுதானா? வயிற்றைக் கலக்குகிறது.

கீழடி_கீக் | பதிவு 8

பயப்படாதீர்கள் அக்கா. வெறும் உள்நுழைவு என்றால் பெயர், மெயில் ஐடி, படம், இவ்வளவுதான் போகும். உங்கள் மெயிலையோ டிரைவையோ அது தொடாது. "உங்கள் மின்னஞ்சல்களைப் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க" என்கிற மாதிரி ஒரு வரி வந்தால்தான் நிற்க வேண்டும்.

டிரைவிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஃபைலும் அந்த ஆப்பே உருவாக்கிய ஃபைலும் மட்டும். இன்னொன்று டிரைவ் முழுவதும். ஆடிட்டர் வீடு என்கிறீர்கள், எத்தனை பேரின் பான் கார்டு, பேலன்ஸ் ஷீட் அதில் கிடக்குமோ! இரண்டாவது வகையைக் கேட்டால் காரணம் கேளுங்கள்.

பாக்கெட்_பிரியன் | பதிவு 9

ஒரு திருத்தம். இந்த மாதிரி இழைகளில் "பாஸ்வேர்டு மாற்றினால் பிரயோஜனமே இல்லை" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கூகுளில் அது பாதிதான் உண்மை. ஜிமெயில் அனுமதி அடங்கிய ரிஃப்ரெஷ் டோக்கன் என்றால் பாஸ்வேர்டு மாற்றினதும் செத்துவிடும். டிரைவுக்கு மட்டும் வாங்கிய டோக்கனுக்கு அந்த விதி இல்லை, அது உயிரோடு இருக்கும். அதனால் கூகுள் பயனர்களும் பட்டியலைத் திறந்து ஆப்பைத் தூக்கத்தான் வேண்டும்.

பழைய_அட்மின் | பதிவு 10

பாக்கெட் சொல்வது சரி. நான் மைக்ரோசாஃப்ட்டை மனதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

2017 மே 3 நினைவிருக்கிறதா யாருக்காவது? அன்று நான் வேறு ஒரு கம்பெனியில் இருந்தேன். தெரிந்தவர் பெயரில் "உங்களோடு ஒரு டாக்குமென்ட் பகிர்ந்திருக்கிறார்" என்று மெயில் வரும். நீலப் பட்டன், 'ஓப்பன் இன் டாக்ஸ்'. அழுத்தினால் கூகுளின் அசல் அக்கவுன்ட் தேர்வுப் பக்கம். அதற்கடுத்து "கூகுள் டாக்ஸ் உங்கள் மெயிலைப் படிக்க, அனுப்ப, அழிக்க, தொடர்புகளை நிர்வகிக்க விரும்புகிறது" என்று கேட்கும். கூகுள் டாக்ஸ்தானே என்று மக்கள் கொடுத்தார்கள். அது கூகுள் டாக்ஸ் இல்லை. யாரோ ஒருவர் தன் ஆப்புக்கு "கூகுள் டாக்ஸ்" என்று பெயர் வைத்திருந்தார், கூகுளும் அதை அப்படியே பதிந்துகொண்டது. அனுமதி கிடைத்த நொடியில் உங்கள் தொடர்புப் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் அதே மெயில் உங்கள் பெயரில் பறக்கும்.

ஒரே ஒரு அடையாளம் இருந்தது. பெறுநர் இடத்தில் உங்கள் ஐடி இருக்காது. மெயிலினேட்டர் டாட் காமில் 'ஹெச்' எழுத்தையே வரிசையாக அடித்த ஒரு முகவரி இருக்கும், நீங்கள் பிசிசியில் (மறைநகலில்) இருப்பீர்கள். அதை யார் பார்த்தார்கள்! எங்கள் எச்ஆர் மேடம் அழுத்தினார், ஐந்து நிமிடத்தில் தளம் முழுக்கப் போன் மணி. கூகுள் சுமார் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டது. ஜிமெயில் பயனர்களில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்று சொன்னார்கள். நூறு கோடிக்கு மேல் பயனர் இருக்கிற இடத்தில் அது சின்ன எண் இல்லை.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், இது யாருக்கும் தெரியாத ஓட்டை இல்லை. 2011 அக்டோபரிலேயே ஓஆத் தரத்தை எழுதிக்கொண்டிருந்த ஐஇடிஎஃப் (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) குழுவில் ஒருவர், "ஆப்புக்குக் கூகுள் என்று பெயர் வைத்து ஒருவன் வந்தால் பயனர் எப்படிக் கண்டுபிடிப்பார்?" என்று கேட்டுவிட்டார். ஆறு வருடம் கழித்து அப்படியே நடந்தது.

சும்மா_ஒருத்தன் | பதிவு 11

சரி, அது பழைய கதை. இப்போது "இந்த ஆப்பைக் கூகுள் சரிபார்க்கவில்லை" என்று பெரிதாகப் பயமுறுத்துகிறார்களே. நொய்யல் சொன்ன ஆப்பில் நீல டிக்கும் இருந்தது. டிக் இருந்தால் நல்ல ஆப் என்றுதானே அர்த்தம்?

பாக்கெட்_பிரியன் | பதிவு 12

அந்த எச்சரிக்கைப் பக்கம் 2017 சம்பவத்துக்குப் பிறகுதான் வந்தது. நல்லதுதான். ஆனால் "அட்வான்ஸ்டு அழுத்தி உள்ளே போகவும், எங்கள் ஆப் புதியது என்பதால் இப்படி வருகிறது" என்று மெயிலிலேயே எழுதிவிட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

நீல டிக் கதை இன்னும் சுவாரசியம். மைக்ரோசாஃப்ட் 2020 நவம்பரிலிருந்து, சரிபார்க்கப்படாத ஆட்களின் புது ஆப்களுக்குச் சாதாரணப் பயனர் மெயில் மாதிரியான அனுமதி கொடுக்க முடியாதபடி செய்தது. கள்ளர்கள் என்ன செய்தார்கள்? டிக்கையே வாங்கினார்கள். 2022 டிசம்பரில் ப்ரூஃப்பாயின்ட் என்ற பாதுகாப்புக் கம்பெனி கண்டுபிடித்தது: அசல் கம்பெனிகளின் பெயரைச் சற்றே மாற்றி மைக்ரோசாஃப்ட்டின் பார்ட்னர் திட்டத்தில் சேர்ந்து, சரிபார்க்கப்பட்ட வெளியீட்டாளர் என்ற அந்தஸ்தோடு பிரிட்டன், அயர்லாந்து கம்பெனிகளைக் குறிவைத்திருந்தார்கள். ஆப் பெயர் என்ன தெரியுமா? ஒன்றுக்கு "சிங்கிள் சைன் ஆன்", இன்னொன்றுக்கு "மீட்டிங்". ஒரு ஆபீசில் இதைவிடச் சந்தேகமே வராத பெயர் இருக்க முடியுமா! 2023 ஜனவரி கடைசியில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கணக்குகளை முடக்கியதாக அறிவித்தது.

கீழடி_கீக் | பதிவு 13

கூடுதலாக ஒன்று. பெட்டி வந்ததும் சுதாரித்து 'கேன்சல்' அழுத்தினால்கூட, பிரவுசர் அந்த ஆப் பதிந்து வைத்திருக்கும் பக்கத்துக்குத்தான் போகும். "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற செய்தியை ஆப்புக்குச் சொல்ல வேண்டும் என்பது ஓஆத்தின் ஏற்பாடு. அங்கே ஒரு போலி லாகின் பக்கம் காத்திருக்கலாம். தாவலை அப்படியே மூடுவது மேல்.

ஆடிட்டர்_வீட்டு_மருமகள் | பதிவு 14

இதெல்லாம் விவரம் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்குத்தான் நடக்குமோ?

பழைய_அட்மின் | பதிவு 15

இல்லை தாயி. உலகத்துக்கே பாதுகாப்புப் பாடம் நடத்துகிற சான்ஸ் இன்ஸ்டிடியூட் 2020இல் மாட்டியது. ஊழியர்களுக்கு ஜூலை மாத போனஸ் ஃபைல் என்று மெயில். ஒருவர் அழுத்தினார், ஒருவர்தான். 'இனேப்ளர் ஃபார் எக்செல்' என்ற ஆபீஸ் 365 ஆட்-ஆன் உட்கார்ந்தது. 'ஆன்ட்டி ஸ்பேம் ரூல்' என்ற அப்பாவிப் பெயரில் ஒரு ரூல் போட்டது. பேங்க், இன்வாய்ஸ் என்று பண விஷயச் சொற்கள் இருக்கிற மெயிலை வெளி முகவரிக்கு அனுப்பும் ரூல். ஆகஸ்ட் 6 அன்று கண்டுபிடிப்பதற்குள் 513 மெயில் போய்விட்டது. அதில் சுமார் 28,000 பேரின் விவரம். அவர்கள் மறைக்காமல் விவரமாக வெளியிட்டார்கள், அதற்கு ஒரு கும்பிடு. நொய்யல் அண்ணா, உங்கள் கதைக்கும் இதற்கும் ஒற்றுமை தெரிகிறதா? ரூலைத் தேடினீர்களா?

வடமராட்சி_வாத்தியார் | பதிவு 16

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், கூகுள் கணக்குகளைப் பார்ப்பதும் என் பொறுப்பு. பிள்ளைகள் வினாடிவினா ஆப், படம் கீறும் ஆப் என்று எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடக் கணக்கையே கொடுக்கிறார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கதைத்துச் சரிவராது. அட்மின் பக்கத்தில் ஒரேயடியாகப் பூட்ட வழி உண்டோ?

கீழடி_கீக் | பதிவு 17

உண்டு சேர். அட்மின் கன்சோலில் செக்யூரிட்டி, அதற்குள் ஆக்சஸ் அண்ட் டேட்டா கன்ட்ரோல், அதற்குள் ஏபிஐ கன்ட்ரோல்ஸ், அதற்குள் ஆப் ஆக்சஸ் கன்ட்ரோல். இதுவரை யார் யார் எந்த ஆப்புக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலே அங்கே இருக்கும். ஒவ்வொன்றையும் நம்பகம், வரம்புக்குட்பட்டது, தடுக்கப்பட்டது என்று பிரிக்கலாம். ஜிமெயிலையும் டிரைவையும் 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்கிவிட்டால் நீங்கள் நம்பகம் என்று குறித்த ஆப் மட்டும்தான் தொட முடியும். உங்களுடையது எஜுகேஷன் பதிப்பு என்றால், பிள்ளைகளின் கணக்குகள் 18 வயதுக்குக் கீழ் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் நீங்கள் அனுமதிக்காத ஆப் அவர்களுக்குத் தானாகவே அடைபடும், 2023 முதல் அப்படி மாற்றியிருக்கிறார்கள்.

வடமராட்சி_வாத்தியார் | பதிவு 18

மிக்க நன்றி தம்பி. இப்பதான் பார்த்தேன், 140 ஆப். தலை சுத்துது. நாளைக்கு லீவு போட்டுவிட்டு இதோடுதான் இருக்கப்போகிறேன்.

சும்மா_ஒருத்தன் | பதிவு 19

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் அட்மினிடம் கேள் என்று பூட்டினால் வேலை நடக்காது. பையர் ஒரு ஷேரிங் தளத்தில் ஃபைல் போடுவான், அட்மின் சாப்பிடப் போயிருப்பார், கன்டெய்னர் கிளம்பிவிடும். கடைசியில் ஆட்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஃபைலை மாற்றி வேலை பார்ப்பார்கள். அது இன்னும் மோசம் இல்லையா?

பழைய_அட்மின் | பதிவு 20

இந்த இழையிலேயே நீங்கள் சொன்னதில் இதுதான் உருப்படியான வாதம். நானும் இதை அனுபவித்திருக்கிறேன். ஒரு இடத்தில் முழுக்கப் பூட்டினேன், இரண்டே வாரத்தில் பாதி ஆபீஸ் சொந்த வாட்ஸ்அப்பில் ஒப்பந்தம் அனுப்பிக்கொண்டிருந்தது.

நடு வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டில் யூசர் கன்சென்ட் அமைப்பில், சரிபார்க்கப்பட்ட வெளியீட்டாளர், அதுவும் ஆபத்தில்லாதவை என்று நாம் குறித்த அனுமதிகள் மட்டும் என்று வைக்கலாம். பெயர், ஐடி அளவில் கேட்கிற ஆப் தடையில்லாமல் போகும். மெயிலைப் படிக்க, ஃபைலைத் தொடக் கேட்பவை மட்டும் அட்மினுக்குக் கோரிக்கையாக வரும். 'அட்மின் கன்சென்ட் வொர்க்ஃப்ளோ'வைத் திறந்து இரண்டு பேரைப் போட்டு வைத்தால் ஒருவர் சாப்பிடப் போனாலும் மற்றவர் பார்ப்பார். பதினாலு பேர் ஆபீசில் மாதத்துக்கு நாலு கோரிக்கை வந்தால் அதிகம். 2025 நடுவில் மைக்ரோசாஃப்ட்டே ஃபைல், ஷேர்பாயின்ட் தளங்களுக்கு வெளி ஆப் கேட்டால் அட்மின் அனுமதி வேண்டும் என்று இயல்பு நிலையை மாற்றியது. ஆனால் யாராவது முன்பே தாமாக ஒரு அமைப்பைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் அது அப்படியேதான் இருக்கும். அண்ணா ஆபீசில் அதை யார் முதலில் அமைத்தார்களோ!

பாக்கெட்_பிரியன் | பதிவு 21

லிங்க்கே இல்லாமலும் இது நடக்கிறது. டிவியில் புது ஆப் போடும்போது ஒரு கோடு (குறியீட்டு எண்) காட்டி, "போனில் இந்த முகவரிக்குப் போய் இதைத் தட்டவும்" என்று வருமே, அதுவும் ஓஆத்தின் ஒரு வகைதான். கீபோர்டு இல்லாத கருவிகளுக்காக 2019இல் தரமானது. அந்த டிவி இடத்தில் கள்ளன் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீம்ஸ் மீட்டிங் அழைப்பு மாதிரி ஒன்றை அனுப்பி, "சேர இந்தக் கோடைத் தட்டவும்" என்கிறான். நீங்கள் போவது மைக்ரோசாஃப்ட்டின் அசல் பக்கம், தட்டுவது அசல் கோடு, ஓடிபியும் கொடுக்கிறீர்கள். டோக்கன் மட்டும் அவனுக்கு. ஸ்டார்ம்-2372 என்று மைக்ரோசாஃப்ட் பெயர் வைத்த குழு 2024 ஆகஸ்டிலிருந்து இதைச் செய்ததாக 2025 பிப்ரவரியில் எழுதினார்கள். கோடின் ஆயுள் 15 நிமிடம் என்பதால் அவசரப்படுத்துவார்கள். ஆபீசில் யாரும் இந்த முறையைப் பயன்படுத்தவில்லை என்றால் கண்டிஷனல் ஆக்சஸில் (யார், எப்படி உள்ளே வரலாம் என்று விதி போடும் மைக்ரோசாஃப்ட் வசதி) அடைத்துவிடலாம், அதற்குரிய லைசென்ஸ் இருக்க வேண்டும்.

கீழடி_கீக் | பதிவு 22

மெயில், டாக்குமென்ட் தாண்டியும் போகிறது. 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்புக் கம்பெனி ஊழியருக்கு, "உங்கள் குரோம் எக்ஸ்டென்ஷன் விதியை மீறுகிறது, நீக்கப்போகிறோம்" என்று மெயில். அழுத்தினால் கூகுளின் அசல் அனுமதிப் பக்கம், ஆப் பெயர் 'பிரைவசி பாலிசி எக்ஸ்டென்ஷன்'. அவருக்கு ஓடிபி மட்டுமில்லை, கூகுளின் கூடுதல் காவலான அட்வான்ஸ்டு புரொடக்‌ஷனே இருந்தது. ஓடிபி கேட்கவே இல்லை, ஏனென்றால் அவர் உள்ளேதான் இருந்தார். நொய்யல் அண்ணாவின் மெர்ச்சண்டைசர் மாதிரியேதான். மறுநாள் அந்த எக்ஸ்டென்ஷனின் விஷப் பதிப்பு குரோம் ஸ்டோரில் ஏறியது. சுமார் 4 லட்சம் பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே சும்மா அவர்களே, "விசாரியுங்கள்" என்ற பேச்சை வாபஸ் வாங்குங்கள்.

நொய்யல்காரன் | பதிவு 23

தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு நாளாக இதே வேலை.

பழைய அட்மின் சொன்னபடி ரூலைத் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. கண்டுபிடித்தது அந்த மெர்ச்சண்டைசர் பெண்தான். அவுட்லுக்கில் ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் கிடக்குமே, யாரும் திறக்காதது? அதில் 61 மெயில். எல்லாம் ஜெர்மனி, டென்மார்க் பையர்களின் பதில். "பேங்க் மாறியதை உறுதி செய்யவும்" என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள், எங்கள் பெயரில் "ஆமாம்" என்று பதிலும் போயிருக்கிறது. ரூலின் பெயர் வெறும் ஒரு புள்ளி. லிஸ்டில் என் கண்ணில் படாமல் போனதில் ஆச்சரியமில்லை. அந்த அம்மா வாட்ஸ்அப்பில் கேட்காமல் மெயிலிலேயே நம்பியிருந்தால் இந்நேரம் நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

செய்தது: அந்த ஆப்பில் 'பயனர் உள்நுழையலாமா' என்பதை 'நோ' ஆக்கினேன். அழிப்பதா, நிறுத்துவதா?

அப்புறம் இன்னொன்று. முதலாளியின் தினசரி மெயில் ஐடிதான் எங்களுக்குக் குளோபல் அட்மினாம் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு). எனக்கே இப்போதுதான் தெரியும். அவர் போன வருடம் ஒரு பண்டிகை வாழ்த்து அட்டை ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். அதில் 'நிறுவனம் சார்பாக' என்ற கட்டத்தையும் டிக் செய்திருக்கிறார். பதினாலு பேர் காலண்டரும் கான்டாக்டும் அந்த வாழ்த்து அட்டைக்காரனிடம்.

பழைய_அட்மின் | பதிவு 24

நிறுத்தியதே சரி. அழித்துவிட்டால் நாளைக்கு இன்னொருவர் அதே லிங்க்கை அழுத்தும்போது ஆப் மறுபடி வந்து உட்காரும். நிறுத்தி வைத்தால் வர முடியாது. அதோடு அந்தப் பெண்ணின் கணக்கில் 'ரிவோக் செஷன்ஸ்' (திறந்திருக்கும் லாகின்களைத் துண்டிக்கும் பட்டன்) கொடுங்கள், அனுமதியையும் தனியாக நீக்குங்கள். கையில் இருக்கிற ஆக்சஸ் டோக்கன் இன்னும் ஒரு மணி நேரம் மூச்சு விடலாம், பதற வேண்டாம்.

வாழ்த்து அட்டையையும் நிறுத்துங்கள். முதலாளிக்கு அட்மின் வேலைக்கென்று தனி ஐடி உருவாக்கி, தினசரி ஐடியிலிருந்து அந்த அதிகாரத்தை எடுங்கள். சங்கடமான பேச்சுதான், காபி வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். எல்லா பையருக்கும் மெயிலில் இல்லாமல் போனில் சொல்லுங்கள்.

1930இல் (சைபர் குற்ற உதவி எண்) புகார் கொடுத்தீர்களா? பணம் போகவில்லை என்றாலும் அந்த பேங்க் அக்கவுன்ட் விவரம் அவர்களுக்குப் பயன்படும். சர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 உத்தரவுப்படி இந்த மாதிரி சம்பவத்தைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் கம்பெனிகள் சொல்ல வேண்டும். அது தாண்டிவிட்டது, இருந்தாலும் ஆடிட்டரைக் கேட்டுச் சொல்லிவிடுங்கள்.

சும்மா_ஒருத்தன் | பதிவு 25

அந்தப் பெண்ணிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் நொய்யல். அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு என் கூகுள் கணக்கில் செக்யூரிட்டி போய், வெளி ஆப் இணைப்புகளைத் திறந்தேன். 23 இருக்கிறது. மூன்று நான் விற்றுவிட்ட போன்களின் மெயில் ஆப். ஒன்று ஏதோ ரெஸ்யூமே தளம், அந்தக் கம்பெனி மூடி வருடக்கணக்காகிறது. கடைசியில் ஒன்று 2016இல் பொண்ணு ஜாதகம் பார்க்கக் கொடுத்தது, ஜிமெயில் முழுவதையும் படிக்கும் அனுமதியோடு உட்கார்ந்திருக்கிறது. ஜாதகத்துக்கு எதற்கடா என் மெயில்!

ஒரு சந்தேகம். அதை நீக்கிவிட்டால் அவர்கள் ஏற்கெனவே எடுத்ததெல்லாம் அழிந்துவிடுமா?

கீழடி_கீக் | பதிவு 26

அழியாது அண்ணே. இன்றிலிருந்து புதிதாக எடுக்க முடியாது, அவ்வளவுதான். பொண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

சும்மா_ஒருத்தன் | பதிவு 27

ஆகி இரண்டு பேரப்பிள்ளைகள். நீக்கிவிட்டேன்.